திருவிழா முடிந்த பிறகு பழனி

திண்டுக்கல்

எங்கள் நாட்டில் தமிழ் எழுத்து கண்ணில் பட்டால் நின்று பார்ப்போம். கோயில் முகப்பு, தமிழ்ப்பள்ளி வாசல், நகைக்கடை, பூக்கடை, நாளிதழ். மலேசியத் தமிழர்கள் நாங்கள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை இன்றும் காத்து வருகிறோம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெற்றோர் சங்கமும் நன்கொடையும், அடுத்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் சேருவார்கள் என்ற கவலையும் உண்டு. அங்கிருந்து வந்தவர்களுக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையம் ஒரு திகைப்பு. மின்மாற்றியின் அபாயப் பலகை, கட்டணக் கழிப்பிடம், கொசு ஒழிப்பு அறிவிப்பு, காதணி விழாச் சுவரொட்டி, லாரியின் பின்பக்கம் எல்லாம் தமிழ். அம்மா ஒன்று விடாமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவர் அவர். படித்த தமிழுக்கு அதன் பிறகு வாழ்க்கையில் பெரிய வேலை இருந்ததில்லை. எழுபது வயதில் மொத்தமாக வந்து சேர்ந்தது.

என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ ஏறிப் பினாங்கில் இறங்கியவர் என்று வீட்டில் சொல்வார்கள். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை எங்கள் மக்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் வந்து கங்காணி ஆள் சேர்த்துப் போகும் வழக்கத்துக்கு 1938இல் இந்திய அரசு போட்ட தடையோடு முடிவு வந்தது. அதற்கு முன்பே போய்விட்டவர் அவர். எந்த ஊரிலிருந்து என்பதற்கு வீட்டில் இருக்கும் ஒரே பதில் ‘மதுரைப் பக்கம்’. திண்டுக்கல், பழனி எல்லாம் 1985இல் தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஆகவே அந்தப் ‘பக்கம்’ இந்த மண்ணாகவும் இருக்கலாம். அந்த எண்ணம் பயணம் முழுக்க என்னோடு வந்தது.

பூட்டுக் கடைகளையும், நகரத்தின் தலைமேல் நிற்கும் கோட்டைப் பாறையையும் பார்த்துக்கொண்டு கடந்தோம். சீரகச் சம்பா பிரியாணியின் மணம் தெருவெல்லாம் வந்தது. அம்மா விரதம். மலையேறி இறங்கும் வரை கறி தொடமாட்டார். நானும் அவரோடு இட்லிக்கு உட்கார்ந்தேன். பரிமாறியவர் நான் கேட்காமலேயே மூன்றாவது முறை சாம்பார் ஊற்றினார். “சட்னி வைக்கவா அண்ணே? அம்மா, நீங்க ஒண்ணுமே சாப்பிடலியே” என்றார். பினாங்கு உணவுக் கடைகளில் ருசிக்குக் குறைவே இல்லை. சாப்பிடுகிறவர் போதுமான அளவு சாப்பிட்டாரா என்று பார்க்கும் ஆளை அங்கே நான் சந்தித்ததில்லை.

ஒட்டன்சத்திரம் சாலை

பழனிப் பேருந்தில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. நின்றிருந்த ஓர் இளம்பெண் எதுவும் கேட்காமல் தன் இரண்டு வயதுக் குழந்தையை அம்மாவின் மடியில் உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு பள்ளிப் பை என் மடிக்கு வந்தது. கொடுத்த பையனின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. குழந்தை அம்மாவின் வளையலைத் திருகியபடியே தூங்கிப்போனது.

இந்தியாவைப் பற்றி எனக்கு முன்பே சொல்லப்பட்டவை நிறைய: நெரிசல், இரைச்சல், ஓயாத ஹாரன். எல்லாம் உண்மை. நெரிசலுக்குள் ஓர் உடன்படிக்கை இருப்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. உட்கார்ந்திருப்பவர், நிற்பவரின் சுமையை ஏற்க வேண்டும். அதற்கு நன்றி சொல்வதுகூட இங்கே அதிகப்படி. கோலாலம்பூர் ரயிலில் எங்களுக்கு இடம் நிறைய இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் குழந்தையைத் தொடத் தயங்குவோம்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தையின் லாரிகள் சாலையோரம் வரிசையாக நின்றன. கேரளத்துச் சமையலறைகளின் முருங்கைக்காயும் கத்தரியும் தக்காளியும் பெருமளவு இங்கிருந்துதான் மலையைத் தாண்டிப் போகின்றன. அதற்கப்பால் விருப்பாச்சி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்த மலைவாழை இந்த ஊர்ப் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. தோலில் கறுப்பு விழுந்தாலும் உள்ளே கெட்டியாக இருக்கும், நீர் விடாது. கணவரை இழந்து சிவகங்கையை விட்டு வந்த வேலு நாச்சியார் அடைக்கலமாகத் தங்கி, ஹைதர் அலியின் துணையைப் பெற்று நாட்டை மீட்கப் புறப்பட்டதும் இந்த விருப்பாச்சியிலிருந்துதான். பேருந்து அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இறங்கி நடந்திருக்க வேண்டிய ஊர்.

ஆயக்குடியில் கொய்யாக்காய். கூடை கூடையாகச் சாலையின் இரு பக்கமும். நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி, காகிதத்தில் வைத்து ஜன்னல் வழியாக நீட்டினார்கள். எங்கள் நாட்டில் கிடைக்கும் கொய்யா பெரியது, விதையில்லாதது, அழகானது. ஆயக்குடிக் கொய்யாவைக் கடித்த பிறகு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சாலையோரமாகவே பாதயாத்திரைக்காரர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். தைப்பூசம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. பச்சை வேட்டிகளும் காவி வேட்டிகளுமாகச் சிறு சிறு கூட்டங்கள் இன்னும் நடந்துகொண்டிருந்தன. தள்ளுவண்டியில் அம்மன் படமும் முருகன் படமும், மேலே ஒலிபெருக்கி, அதிலிருந்து டி.எம். சௌந்தரராஜன் குரல். தோட்டத்துக் கோயிலில் அதிகாலை ஐந்து மணிக்குக் கேட்ட அதே குரல்தான். அம்மா தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொண்டே கூடப் பாடினார்.

அடிவாரம்

பழனியில் மலை எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. தெருமுனை திரும்பினால் மலை. மாடியில் துணி காயப்போடும் பெண்ணுக்குப் பின்னால் மலை. சிவகிரி என்ற அந்தச் சிறு குன்றுக்குத் தெற்கே, கொடைக்கானல் மலைத்தொடர் நீலமாக எழுந்து நிற்கிறது. அருகில் இடும்பன் மலை.

விடியற்காலை நாலரைக்கு அடிவாரத்துக்குப் போனோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான். தைப்பூசம் என்றால் எங்களுக்கு ஆண்டில் ஒரு நாள். பினாங்குத் தண்ணீர்மலையிலும் பத்துமலையிலும் அன்று லட்சக்கணக்கில் கூடுவோம். உறுமி மேளம் முழங்கும், அலகுக் காவடிகள் வரும், தண்ணீர்ப் பந்தல்கள் நிறையும். மறுநாள் வேலைக்குப் போய்விடுவோம். பழனியில் அந்த மறுநாள்தான் நான் பார்த்தது. இங்கே முருகன் ஒரு நாள் விழாவாக இல்லை. விடிந்தால் தொடங்கும் வேலையாக இருக்கிறார்.

பூக்காரப் பெண்கள் ஈரச் சாக்கை விரித்து மல்லிகையையும் அரளியையும் கொட்டினார்கள். பால்காரர் சைக்கிளில் கேன்கள் மோதிக்கொள்ள வந்தார். முடிக் கொட்டகையில் விளக்குகள் எரிந்தன. ஒரு தகப்பனின் மடியில் குழந்தை வீறிட்டது. நாவிதர் அதன் உச்சந்தலையில் தண்ணீரைத் தெளித்து, எதையோ பேசிச் சிரிக்க வைத்து, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே வழித்து முடித்துவிட்டார். மொட்டைத் தலையில் சந்தனம் குளிரக் குளிரப் பூசினார்கள். 2021 முதல் தமிழகக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை. கூலி நின்றபோது தொழிலாளிக்கு என்ன வழி என்று கேட்டேன். “மாச ஊக்கத்தொகை குடுக்கறாங்கங்க. ஆனா கை நின்னா மனசு நின்னுரும், அதுக்குத்தான் வர்றது” என்றார் அந்த நாவிதர். அன்று காலை அவர் வழித்த தலைகளை எண்ணவும் முடியாது.

திண்டுக்கல்லில் எங்களை ‘அண்ணே’ என்றார்கள். பழனியில் பேச்சு ‘ங்க’ போட்டு இழைகிறது. கொங்கு நாட்டு மரியாதை இங்கேயே தொடங்கிவிடுகிறது. பூ வாங்கும்போது அந்த அம்மாள் என் தாயாரிடம் கேட்டார்: “ஏனுங்க அக்கா, எந்தூருங்க?”

“மலேசியாங்க.”

“அது சரிங்க. சொந்த ஊரு எது?”

அம்மா பதில் சொல்லத் தெரியாமல் நின்றார். பிறகு, “தெரியலீங்க. மதுரைப் பக்கம்” என்றார். பூக்காரம்மாள் ஒரு முழம் கூடுதலாக அளந்து, “அப்ப இதையே ஊருன்னு வெச்சுக்குங்க” என்று தலையில் வைத்துவிட்டார். வெள்ளி முளைக்கும் நேரம் அது. அம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை.

சொந்த ஊர் எது என்ற கேள்வி இந்தப் பயணத்தில் ஓயவே இல்லை. பேருந்தில், டீக்கடையில், வரிசையில் கேட்டார்கள். எத்தனை பிள்ளைகள், என்ன சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் செய்யவில்லை என்று அடுத்தடுத்து வரும். முதலில் கூசினேன். பிறகு புரிந்தது: கேட்கிறவர் தன் கதையையும் அதே வேகத்தில் எடுத்து வைக்கிறார். ஆனால் அந்தக் கேள்விகளில் ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. ஊர் தெரியாது என்றதும் சிலர் சற்றுக் குரலைத் தாழ்த்தி, “நீங்க என்ன ஆளுங்க?” என்பார்கள். அது சாதியைக் கேட்பது. ரப்பர் தோட்டத்திலும் அது எங்களோடு கப்பலேறி வந்தது. திருமணப் பேச்சில் இன்றும் தலைகாட்டும். ஆனாலும் முன்பின் அறியாதவரிடம் டீ குடிக்கும் நேரத்துக்குள் அதைக் கேட்டுவிடும் துணிச்சல் அங்கே குறைந்திருக்கிறது. இங்கேயும் குறைய வேண்டும். இத்தனை அன்பான மக்களிடம் அந்தக் கேள்வி இருப்பதுதான் வலிக்கிறது.

கிரிவீதியில் இப்போது தனியார் வண்டிகள் வருவதில்லை. உயர் நீதிமன்றத்தின் தலையீட்டில் ஆக்கிரமிப்புகளும் அகன்றிருக்கின்றன. மலையைச் சுற்றி நிம்மதியாக நடக்கலாம். பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் மலையாளமும் இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அத்தனை பேர். அங்கேதான் எடப்பாடிக் காவடிக் கூட்டத்தைச் சந்தித்தோம். சேலம் மாவட்டத்து எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலத்தார் தைப்பூசம் முடிந்த பிறகே பழனிக்கு வருகிறார்கள். டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து படைப்பதும், மலைமேல் ஓர் இரவு தங்குவதும் அவர்களுக்கு மட்டுமே உள்ள உரிமை. தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

மயிற்பீலி கட்டிய காவடியைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஒரு பெரியவர் எங்களோடு பேசினார். பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு என்று விரல்விட்டுச் சொல்லிவிட்டு, “தண்ணி ஒரு சொட்டு ஆகாதுங்க. தண்ணி பட்டா நிக்காது” என்றார். பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் ரகசியம் முழுவதும் அந்த ஒரு சொட்டில் இருக்கிறது. பிறகு அவர் என்னிடம் கேட்டார்: “உங்கூர்ல நூத்துக்கணக்குல அலகு குத்திக்குவாங்களாமே, நெசமா?” ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “நாங்க நடக்கறதுங்க. அவ்வளவுதான்” என்றார்.

தமிழ்நாட்டிலும் அலகு குத்துகிறவர்கள் உண்டு. ஆனால் பழனிக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் செய்வது நடப்பதும் சுமப்பதும்தான். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் நடக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு மக்கள் கொடுமுடியில் காவிரித் தண்ணீர் எடுத்துச் சுமந்து வருகிறார்கள். கடல் கடந்து போன நாங்கள் ஆண்டில் ஒரு நாளுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்தி உடம்பில் அத்தனை தீவிரமாக இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இங்கே தூரம் இருக்கிறது, நாட்கள் இருக்கின்றன.

மலை

1966 முதல் விஞ்ச் என்னும் இழுவை ரயில் ஓடுகிறது, 2004 முதல் ரோப் கார். இரண்டையும் அம்மா மறுத்துவிட்டார். படிகள் 693. தண்ணீர்மலையின் 513 படிகளும் பத்துமலையின் 272 படிகளும் ஏறிய கால்கள்தான், என்றாலும் முழங்கால் வலி. படிப்பாதையை விட்டு, சரிவாகச் சுற்றிப் போகும் யானைப் பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். இடையிடையே படிப்பாதை கண்ணில் பட்டது. ஒரு பெண் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் ஏற்றிக்கொண்டு குனிந்து குனிந்து ஏறினார். அவருடைய மகன், பதினைந்து வயது இருக்கும், தட்டைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கூடவே வந்தான்.

மலை வழியில் இடும்பனுக்குச் சந்நிதி உண்டு. அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைத் தோளில் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தவன். ஆவினன்குடியில் இளைப்பாற இறக்கி வைத்தவன் மறுபடி தூக்க முடியாமல் போனான். குன்றின்மேல் ஒரு சிறுவன் நின்றிருந்தான். அவனோடு போட்ட சண்டையில் இடும்பன் விழுந்து, அந்தச் சிறுவனான முருகன் அருளால் எழுந்து, காவல் நிற்கும் வரம் பெற்றான். பினாங்கிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் எந்தத் தோளில் ஏறும் காவடிக்கும் இவனே முதல்வன். அம்மா மற்ற எந்தச் சந்நிதியிலும் நிற்காத நேரம் இங்கே நின்றார். தோட்டத்தில் தன் அப்பா இடும்பன் பூசை போடுவார் என்று சொன்னார். எனக்கு அது புதுச் செய்தி.

2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. மிக நல்ல ஏற்பாடு. வரிசையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினார்கள். போகர் செய்ததாக மக்கள் நம்பும் நவபாஷாணத் திருமேனி முன் எங்களுக்குக் கிடைத்தது சில நொடிகள். இராக்காலத்தில் சாத்திய சந்தனத்தை விடிந்ததும் களைந்து பக்தர்களுக்குத் தருவார்கள், அதில் ஒரு துளி கிடைத்தது. மொட்டையாய், கோவணத்தோடு, தண்டூன்றி நிற்கும் ஆண்டிக்கோலம் படங்களில் பார்த்ததைவிட மிகச் சிறியது. பத்துமலையில் 2006இல் எழுப்பிய 140 அடி முருகனைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அத்தனை பெரிய சிலையை நிறுத்தியது, ‘நாங்களும் இங்கே இருக்கிறோம்’ என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்ததால். இங்கே அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே இருந்ததில்லை. சிறிதாக இருக்கலாம்.

தென்மேற்குப் பிரகாரத்தில் போகர் சமாதி. அவருடைய சீடர் புலிப்பாணி வழியினர் இன்றும் அங்கே பூசை செய்கிறார்கள். அதன் பிறகு அன்னதானக் கூடத்தில் இலை போட்டார்கள். என் இடப்பக்கம் ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர். வலப்பக்கம் கிழிந்த சட்டையோடு ஒரு முதியவர், கையில் ஒரு துணிப்பை, வேறு எதுவும் இல்லை. ரசம் ஊற்றும்போது அந்த முதியவருக்குக் கை நடுங்கியது. ஊழியர் என்னைத் தாண்டி எட்டி அவருடைய இலையை மடித்துப் பிடித்துக்கொண்டார். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

மலையிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரிகிறது. வையாபுரிக் குளத்தின் நீர்ப்பரப்பு, பெரியநாயகி அம்மன் கோயில், தென்னந்தோப்புகள், கரும்பு, அப்புறம் நெல்.

பொருந்தல் பாதை

அந்த நெல்லைத் தேடித்தான் மறுநாள் தென்மேற்காகப் போனோம். பழனியிலிருந்து 12 கிலோமீட்டர் அளவில், மலையடிவாரத்தில் பொருந்தல். 2009, 2010 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் இங்கே அகழாய்வு நடந்தது. ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் ஜாடி நிறைய நெல் கிடைத்தது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியும் அதே குழியில் இருந்தது. அந்த நெல்மணிகளின் காலத்தை ஆய்வகம் பொ.ஆ.மு. 490 என்று கணித்தது. சங்கப் பாடல்களில் இந்தப் பகுதி பொதினி. மயிலுக்குக் குளிரும் என்று தன் போர்வையைக் கொடுத்த பேகன் ஆண்ட ஆவியர் நாடு.

போனவர்களுக்குப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாலாறு–பொருந்தலாறு அணையின் கரை, வாய்க்கால், கதிர் முற்றிய வயல், கொக்குகள். வரப்பில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி அம்மாவைப் பார்த்து, “வாங்க அம்மிணி, வெயில்ல ஏன் நிக்கறீங்க?” என்று மரத்தடிக்கு அழைத்தார். தூக்குப் போசியிலிருந்து கம்மங்கூழை மூடியில் ஊற்றி, சின்ன வெங்காயத்தோடு நீட்டினார். அம்மா ரப்பர் பால் எடுத்த கதையைச் சொன்னார், பாட்டி நாற்று நட்ட கதையைச் சொன்னார். கூலி எவ்வளவு, எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, பூச்சிக் கடி, மேஸ்திரி. என் கொள்ளுத்தாத்தா விட்டுப் போன வேலை எது, போய்ச் சேர்ந்த வேலை எது என்பதை நான் அந்த மரத்தடியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்த ஊர் என்பது தெரியவில்லை. இனித் தெரியவும் வேண்டியதில்லை.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பழனிக்கு வர நினைப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். தைப்பூசத்துக்கு வருவதானால் வாருங்கள். அது நமக்குத் தெரிந்த பழனி. முடிந்தால் விழா இல்லாத ஒரு வாரத்தில், பெற்றோருக்கு நடக்க முடிகிற வயதிலேயே அழைத்து வாருங்கள். விடியற்காலை நாலரைக்கு அடிவாரத்தில் இருங்கள். ரோப் கார் ஆண்டுக்கு ஒருமுறை பராமரிப்புக்காகப் பல வாரங்கள் நிற்கும். அந்த நாட்களில் விஞ்ச் உண்டு, யானைப் பாதை உண்டு.